சோதினை முடியட்டும்

மகன் செத்துப்போனான் என்று டொரண்டோவிலிருந்து மைத்துனன் போனில் சொன்னபோது கிளறன்ஸ் முதலில் கேட்டது எப்படி என்றல்ல, எங்கே என்றுமல்ல. "ஜனுஷாவுக்கு ஆரும் சொல்லிப்போட்டினமோ?" என்றுதான் கேட்டார். இல்லை, முதலில் உங்களுக்குத்தான் எடுக்கிறேன் என்றார் மைத்துனன். அப்படியென்றால் ஒருவருக்கும் மூச்சுவிட வேண்டாம், பிள்ளைக்குப் புதன்கிழமை பரீட்சை தொடங்குகிறது என்றார் கிளறன்ஸ். அதன் பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

இதைக் கேட்டு அவரைக் கல்நெஞ்சன் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு எங்கள் சனத்தைத் தெரியாது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பரீட்சை நடக்கிற வீட்டுக்குள் சாவுச் செய்தியே அனுமதி கேட்டுத்தான் வரவேண்டும். தகப்பன் செத்ததை மறைத்து மகனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து மண்டபத்துக்கு அனுப்பிய தாயை ஊரே மெச்சும். காரணம் இல்லாமலும் இல்லை. அங்கே வருடத்தில் ஒரு தரம் கதவு திறக்கும். அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல், ஷெல்லடி, செத்தவீடு என்று நீங்கள் வீட்டில் நின்றால் கதவு மூடிவிடும். பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு நாதி கிடையாது. கிளறன்ஸ் அந்த மண்ணில் படித்தவர், அந்தப் பயத்தைப் பெட்டிக்குள் மடித்து வைத்து ஒக்லாந்துக்கும் கொண்டுவந்திருந்தார்.

வந்து நாலு வருடம். மங்கரேயில் வாடகை வீடு, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்குக் கொட்டகையில் வேலை. நியூசிலாந்துப் படிப்பில் அவருக்குப் பிடித்தது அரசாங்கம் நடத்துகிற பொதுப் பரீட்சை மட்டும்தான். ஐந்தாம் ஃபோர்ம் என்கிற பதினோராம் வகுப்பில் ஜனுஷா ஸ்கூல் சேர்ட்டிஃபிக்கட் எழுதியபோது வந்த புள்ளிகளை மாதா கோயில் வாசலில் நின்று பூசை முடிந்து வந்த அத்தனை பேருக்கும் சொன்னார். மறுவருடம் ஆறாம் ஃபோர்ம் சேர்ட்டிஃபிக்கட். அதற்குப் பொதுப் பரீட்சை கிடையாது. வருடம் முழுக்கச் செய்த வேலையைப் பார்த்துப் பள்ளிக்கூடமே தரம் போடும். அவள் அதிலும் நன்றாகத்தான் எடுத்திருந்தாள். ஆனால் கிளறன்ஸ் அந்தக் காகிதத்தை அலுமாரிக்குள் வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை. படிப்பிக்கிற ரீச்சரே தராசையும் பிடித்தால் அது என்ன நிறுவை என்பது அவர் கட்சி.

இப்போது 1997 நவம்பர். ஜனுஷா ஏழாம் ஃபோர்ம். வருடக் கடைசியில் பேர்சரி என்கிற பொதுப் பரீட்சை, ஐந்து பாடம், அதில் எடுக்கிற புள்ளியை வைத்துத்தான் பல்கலைக்கழகம். அவளுக்குக் கண்பார்வை சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற படிப்பில் ஆசை. சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போட்டவள், அந்தப் படிப்புக்கு எடுக்கிறதோ கொஞ்சப் பேரைத்தான். பள்ளிக்கூடத்தில் வருட நடுவில் வைத்த பரீட்சைகளில் அவள் எடுத்திருந்த புள்ளிகள் அங்கே போகப் போதுமானவை. நவம்பரிலும் அதையே எடுத்தால் சரி.

மூத்தவன் கிளின்ரன் இந்த நாட்டுக்கு வராமல் போனதும் ஒரு பரீட்சையால்தான். விசா வந்தபோது அவனுக்குப் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சைக்குச் சில மாதம் இருந்தது. சோதினையை முடித்துக்கொண்டு வா, கையில் ஒரு சேர்ட்டிஃபிக்கட் இல்லாமல் அங்கே வந்து என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லி அவனை யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதியில் விட்டுவிட்டு மற்ற மூவரும் விமானம் ஏறினார்கள். பரீட்சை பிந்தியது. சண்டையில் பாதை பூட்டப்பட்டது. அவனுடைய விசா காலாவதியானது, வயதும் ஏறிப் பெற்றோரோடு சேர்ந்து வரக்கூடிய வரிசையிலிருந்து பெயர் விழுந்துவிட்டது. ஏ.எல். பெறுபேறு மட்டும் மிக நன்றாக வந்தது. பிறகு இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனவன், இப்போது மல்லாவிப் பக்கம் ஒரு தெருவோரத்தில் ஷெல் விழுந்து செத்து, அன்றைக்கே அங்கேயே புதைக்கப்பட்டும்விட்டான். அவனை விட்டுவிட்டு வந்தது யாருடைய முடிவு என்பதைக் கிளறன்ஸும் அவர் மனைவி பேர்ணடெட்டும் ஒருவரோடொருவர் ஒருநாளும் பேசியதில்லை. பேசவேண்டிய தேவையும் இருக்கவில்லை, இருவருக்கும் தெரியும்.

பேர்ணடெட்டுக்கு வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. அறைக்குள் ஜனுஷா பழைய வினாத்தாள்களைச் செய்துகொண்டிருந்தாள். மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போவோம் என்று கிளறன்ஸ் மனைவியைக் காரில் ஏற்றி, கடலோரமாய் ஒரு இடத்தில் நிறுத்திக் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டுச் சொன்னார். அவள் கத்திய கத்தில், நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்று திரும்பிப் பார்த்தார். கத்தி முடிந்த பிறகு, பிள்ளைக்குச் சோதினை எப்ப முடியுது என்று கேட்டாள். புதன் தொடங்கி, அதற்கடுத்த வாரம் வெள்ளி என்றார். "அதுமட்டும் நான் தாங்குவன்" என்றாள். போத்தல் தண்ணீரில் முகம் கழுவினாள். வெறுங்கையோடு போனால் பிள்ளை கேட்பாள் என்று, சந்தைக்கும் போய்க் கத்தரிக்காயும் குமராக் கிழங்கும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

திங்கட்கிழமை கிளறன்ஸ் வேலைக்குச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஏழாம் ஃபோர்ம் பிள்ளைகளுக்குப் பொறுப்பான மிஸஸ் டால்டனிடம் விஷயத்தைச் சொல்லி, எப்படியோ காதில் விழுந்தாலும் மகளிடம் யாரும் வாய்திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளத்தான் போனார். அந்த அம்மா கேட்டு முடித்ததும் கண் கலங்கிவிட்டார். பிறகு, இதற்கு ஒரு வழி இருக்கிறது என்றார். பரீட்சை நேரத்தில் பிள்ளை நோயில் விழுந்தாலோ வீட்டில் சாவு நடந்தாலோ, வருட நடுவில் பள்ளிக்கூடத்தில் எழுதியதைக் கொண்டு புள்ளி போடச் சொல்லிக் கேட்கலாம். மண்டபத்துக்கு வராமலே கேட்கலாம், வந்து எழுதிவிட்டும் கேட்கலாம். அதற்கு ஈக்ரோட்டாட் என்று வாய்க்குள் நுழையாத ஒரு பெயரும் சொன்னார். ஜனுஷாவின் புள்ளிகள் தனக்குத் தெரியும், அவளுடைய இடம் போகாது என்றார். பிள்ளைக்கு உண்மையைச் சொல்லி வீட்டில் வைத்திருங்கள் என்றார்.

கிளறன்ஸுக்கு அது பிச்சை போடுகிற மாதிரி இருந்தது. செத்த பிள்ளையைக் காட்டி உயிரோடிருக்கிற பிள்ளைக்குப் புள்ளி வாங்குவதா? உன் மகள் பேர்சரி எழுதாமலல்லவா உள்ளே போனவள் என்று நாளைக்கு ஒருவன் கேட்டால் என்ன பதில்? அதுவுமில்லாமல், அவர் காதுக்குள் இன்னொரு பயமும் ஓதிக்கொண்டிருந்தது: இந்தச் சலுகை எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு, எங்கள் பிள்ளையின் விஷயம் எங்கேயாவது ஒரு மேசையில் கிடந்து காணாமல் போகும். ஆகவே அவர் தன் நல்ல இங்கிலீஷில் உறுதியாகச் சொன்னார். மகளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாதபடியால் அவளுக்கு ஒரு பாதிப்பும் இல்லை, அவள் எழுதுவாள். மிஸஸ் டால்டன் இரண்டாம் தரமும் கேட்டார், இவர் இரண்டாம் தரமும் அதையே சொன்னார். சரி, ஒவ்வொரு நாளும் மண்டப வாசலில் நின்று அவளைக் கவனித்துக்கொள்கிறேன் என்றார் அந்த அம்மா.

செத்தவனுக்குச் செபம் சொல்லாமல் பேர்ணடெட்டால் இருக்க முடியவில்லை. வீட்டில் சொல்ல வழியில்லை. நகரத்தின் மற்ற அந்தத்தில், ரானுயியில் இருந்த நண்பர் மகேசன் தன் வீட்டைத் தந்தார். அவர் சைவக்காரர், ஆனாலும் சாமிப்படத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைத் துடைத்து மாதா சுரூபம் வைக்க இடம் பண்ணிக் கொடுத்தார். முதல் பரீட்சைக்கு முதல்நாள் செவ்வாய்க்கிழமை பின்னேரம், ஒரு சுகமில்லாத ஆளைப் பார்க்கப் போகிறோம் என்று மகளிடம் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள். மன்னார்ச் சனம் பத்துப் பதினைந்து பேர் வந்து செபமாலை சொன்னார்கள். அங்கே பேர்ணடெட் தலையில் அடித்து அழுதாள். தாங்குகிறேன் என்று சொன்னவள் தாங்குவதற்கு அந்த ஒரு பின்னேரம் தேவைப்பட்டது. வீட்டுக்கு வந்து மீன் பொரித்து, மகளுக்கு முள்ளெடுத்துக் கொடுத்தாள்.

பிறகு அந்த நாடகம் நடந்தது. வேறென்ன சொல்வது? காலையில் தகப்பன் மகளின் நெற்றியில் சிலுவை போட்டார். தாய் சோற்றுப் பெட்டியைக் கையில் கொடுத்துச் சிரித்தாள். மகளும் சிரித்துக்கொண்டு போனாள், பின்னேரம் வந்து கேட்டால் பரவாயில்லை அப்பா என்றாள். கணிதம் எப்படி, பரவாயில்லை. இரசாயனம் எப்படி, பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடற்குழுவில் நின்று பாடினாள். கோயிலுக்கு வந்த சனமெல்லாம் விஷயம் தெரிந்து, தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பிள்ளை நல்லாச் செய்யுதாமோ என்று விசாரித்தது. கிளறன்ஸுக்கு உள்ளே எரிந்தாலும், பிள்ளை தப்பிவிட்டாள் என்று ஒரு ஆறுதல் இருந்தது. வேலையிடத்தில் கழிப்பறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்து பெட்டிகளை இறக்கினார்.

வெள்ளிக்கிழமை கடைசித் தாள் பௌதிகம். பள்ளிக்கூட வாசலில் காரோடு காத்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்து இருக்கைப் பட்டி போட்டதும், வீட்டுக்குப் போகாமல் ஒரு மரநிழலில் காரை நிறுத்தினார். எத்தனையோ தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம். வாய் திறந்தால் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, அண்ணா, என்று மட்டும் சொன்னார்.

"எனக்குத் தெரியும் அப்பா," என்றாள் ஜனுஷா.

மகேசனின் மகன் நிரூஜனும் அதே வருடம் வேறு பள்ளிக்கூடத்தில் பேர்சரி எழுதினான். அந்தச் செவ்வாய்க்கிழமை வீடு நிறையச் சனம் வந்து செபம் நடக்க, ஜனுஷா மட்டும் வராததைக் கண்டு, பாவம் தனியே இருக்கிறாளே என்று அவளுக்குப் போன் எடுத்திருக்கிறான். அவளுக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது. அவன் ஆறுதல் சொல்லச் சொல்லத்தான் விஷயமே அவளுக்கு விளங்கியிருக்கிறது. விளங்கிய பிறகும் அவள் போனை வைக்கவில்லை.

"போனுக்குள்ள அம்மா அழுற சத்தம் கேட்டது, அப்பா. நான் அது முடியுமட்டும் கேட்டுக்கொண்டு நிண்டனான். பிறகு நீங்கள் வந்து மீன் பொரிச்சுத் தந்தீங்கள். நான் எழுதவேணும் எண்டுதானே இவ்வளவும் செய்யிறீங்கள், எனக்குத் தெரியுமெண்டு சொன்னால் நீங்கள் உடைஞ்சுபோவீங்கள் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் முதல் பக்கம் எழுதுவன். அங்கால திருப்பினால் அந்தச் சத்தம் கேக்கும். மணி அடிக்குமட்டும் சும்மா இருப்பன்."

"அஞ்சு பாடமுமோ?"

"ஓம், அப்பா."

கிளறன்ஸுக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாளாய்ப் பொத்திப் பொத்திக் காத்தது ஒரு வெறும் மண்டபத்தை என்பது மட்டும் விளங்கியது. மறுவருடம் திரும்ப எழுதலாமே என்றதற்கு, இனி அந்தப் பரீட்சை ஹோலுக்குள்ளே கால் வைக்கமாட்டேன் என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள், ஆனால் அதற்கு மேல் கதை இல்லை என்பது அவர் காதுக்குத் தெரிந்தது. அப்போதுதான் மிஸஸ் டால்டன் சொன்ன வழி ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடக் கந்தோர் திறந்ததும் திங்கட்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். பதினாலு நாளைக்கு முன் பிச்சை என்று தள்ளியதைக் கேட்க இப்போது அவருக்கு வெட்கமே இல்லை. காலம் கடக்கவில்லை, இந்த வெள்ளி வரைக்கும் விண்ணப்பிக்கலாம் என்றார் மிஸஸ் டால்டன். ஆனால் சாவு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. பரீட்சை நாட்களில் பிள்ளை நிலைகுலைந்திருந்தாள் என்று குடும்பத்துக்கு வெளியே இருக்கிற ஒருவர் சொல்லவேண்டும். நீங்கள் சொல்லுங்கள் என்றார் கிளறன்ஸ். அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. உங்களுக்கு வாக்குக் கொடுத்தபடி நான் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்றேன், ஜனுஷா சிரித்துக் காலை வணக்கம் சொன்னாள், ஒருநாள் இன்னொரு பிள்ளைக்குப் பேனை கூடக் கொடுத்தாள், கண்டதைத்தானே நான் எழுத முடியும் என்றார். பாதிரியார் கண்டதும் பாடற்குழுவில் பாடியவளைத்தான். தாயும் தகப்பனும் பத்து நாள் சொல்லாமல் சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளை ஒரு பிசகில்லாமல் படித்திருந்தாள்.

இன்னும் ஒரு வழி, ஒரு டொக்டரிடம் போய் நடந்ததை மனம்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அவர் பார்த்துக் கடிதம் தந்தால் நான் மற்றதெல்லாம் சேர்த்து அனுப்புவேன் என்றார் மிஸஸ் டால்டன். பிறகு ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், பரீட்சைக்கு முன்னமே உன் அப்பாவுக்கு இதை விளக்கியிருந்தேன், அப்போதே செய்திருந்தால் சுகமாக இருந்திருக்கும் என்று ஜனுஷாவைப் பார்த்துச் சொன்னார். ஜனுஷா திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். காரில் வரும்போது, உங்களுக்கு முதலே தெரியுமோ அப்பா என்றாள். ஓம் என்றார்.

அன்றைக்குச் சமையலறையில் கிளறன்ஸ் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டுப் பேர்ணடெட்டிடம் சொன்னார்: "ரெண்டு பிள்ளையளையும் சோதினைக்குத் தின்னக் குடுத்திட்டன்." நாலு வருடமாய் இருவரும் பேசாத பேச்சு அது. பேர்ணடெட் இல்லை என்று மறுக்கவில்லை. அவளுக்கு அதற்கான தெம்பு இல்லை, ஒருவேளை மனமும் இல்லை. நடைவழியில் தண்ணீர்க் குவளையோடு ஜனுஷா நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. அவர் நிமிர்ந்து பார்க்க, குவளையை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

டொக்டர் ஸ்வர்ணா மதுரைக்காரர், மங்கரேயில் கிளினிக் வைத்திருந்தார். தமிழில் பேசினால் பிள்ளை மனம் திறப்பாள் என்று கிளறன்ஸ் அவரைத்தான் தெரிந்தெடுத்தார். வியாழக்கிழமை காலையில் போகும்போது, நடந்ததை நடந்தபடி சொல்லம்மா, வேறொன்றும் வேண்டாம் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஓம் அப்பா என்றாள். உள்ளே டொக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்பா கொஞ்சம் வெளியே இருக்கட்டுமா என்று அவளிடம்தான் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றாள். பாதி எழும்பிய கிளறன்ஸ் திரும்ப உட்கார்ந்தார். பிள்ளைக்குப் பக்கபலமாய் இருப்போம் என்று நினைத்தார் பாவி மனிதர். எழும்பிப் போயிருக்கலாம்.

"ராத்திரி தூக்கம் வந்துச்சாம்மா, எக்ஸாம் அன்னைக்கெல்லாம்?"

"ஓம், நல்லா நித்திரை கொண்டனான்."

"சாப்பிட்டியா?"

"அம்மா ஒவ்வொரு நாளும் கட்டித் தந்தவா. சாப்பிட்டனான்."

"ஹாலுக்குள்ள என்ன ஆச்சு? எழுத முடியலையா?"

ஜனுஷா தகப்பன் பக்கம் திரும்பவில்லை. மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு நேராக டொக்டரைப் பார்த்தாள். "பேப்பர் கஷ்டம், டொக்டர். நான் நல்லாப் படிக்கேல்லை. அண்ணான்ர விஷயம் எனக்குச் சோதினை முடிஞ்ச பிறகுதான் தெரியும்."

அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பது கிளறன்ஸுக்கு உடனே விளங்கியது. அவள் உடைந்துபோனாள் என்று ஒரு காகிதத்தில் எழுதப்பட்டால், உடைத்தது யார் என்பதும் அதிலேயே எழுதப்பட்டுவிடும். சமையலறையில் கேட்ட அந்த ஒரு வசனத்துக்கு மேல் தகப்பன் தலையில் இன்னொரு சுமை ஏற்ற அவளுக்கு மனமில்லை. படிப்பு போனால் போகட்டும் என்று தீர்த்துவிட்டாள்.

"பொய் சொல்றாள், டொக்டர்," என்றார் கிளறன்ஸ். பெற்ற மகளை அவர் பொய்க்காரி என்று சொன்னது அதுவே முதல்தரம். "எல்லாம் தெரியும் அவளுக்கு. வெறும் தாளைக் குடுத்திட்டு வந்தவள். நான்தான், நான்தான் வேண்டாமெண்டு..."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ சொல்றதைத்தான் சார் நான் எழுத முடியும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஜனுஷாவிடம் இன்னொரு தரம் கேட்டார். உண்மையிலேயே ஒன்றுமில்லையா என்றார்.

"ஒண்டுமில்லை. அப்பாவுக்குத்தான் நித்திரை இல்லை, சாப்பாடும் இல்லை. அவரைப் பாருங்கோ, டொக்டர்."

டொக்டர் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு கிளறன்ஸ் பக்கம் வந்தார். சட்டைக் கையை மடிக்கச் சொல்லி இரத்த அழுத்தம் பார்த்தார். எத்தனை நாளாய்த் தூக்கமில்லை, வேலைக்குப் போகிறீர்களா, நெஞ்சில் நோவு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஜனுஷாதான் பக்கத்திலிருந்து ஒன்று விடாமல் பதில் சொன்னாள்.

மிஸஸ் டால்டனுக்குக் கடிதம் கொடுக்க அடுத்தநாள் கடைசி. டொக்டர் எழுதிக் கொடுத்தது கிளறன்ஸுக்குத் தூக்க மாத்திரை. ஜனுஷா அந்தத் துண்டை வாங்கி, தகப்பனின் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுவிட்டு, முழங்கையில் பிடித்து மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.